கடைசிக் கண்ணி

மார்சிலிங், சிங்கப்பூர்
9 ஜூன் 2024

சேசு மரி சூசை துணை

அன்புத் தங்கை ஜெனிவீவுக்கு அக்கா பெட்டி எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தான் லாசரஸும் சுகம். எனக்கு முழங்கால் வலி, அவருக்குச் சர்க்கரை. இரண்டும் வீட்டு மனிதர்களாகிவிட்டன. உன் நெஞ்சுச் சளி விட்டதா? மதர் அவர்களுக்கு என் தோத்திரம். மடத்துக்கு வரும் கடிதங்களை மதர் பார்த்த பிறகுதான் உன் கைக்கு வரும் என்பதை மறக்கவில்லை. வெளியே வரக்கூடாது, ஃபோன் பேசக்கூடாது என்கிற மடமாகப் பார்த்துச் சேர்ந்தாய். ஊர் முழுக்க வாட்ஸ்ஆப்பில் பேசிக்கொண்டிருக்க, உனக்காக நான் ஒருத்தி தபால் நிலையத்தில் வரிசையில் நிற்கிறேன்.

இத்துடன் ஒரு பார்சல் வரும். இரண்டு குல்லா, ஒரு மஃப்ளர், மூன்று ஜோடி சாக்ஸ், விரல் இல்லாத கையுறை ஒரு ஜோடி. வழக்கம்போல் போட்டுப் பார்த்துச் சொல். டிசம்பர் லீவுக்குக் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் பறக்கிற நம் ஜனங்கள் இதையெல்லாம் வாங்குகிறார்கள். நான் மார்சிலிங்கில் மின்விசிறிக்கு அடியில், முதுகில் வேர்வை வழிய உட்கார்ந்து பின்னுகிறேன். குளிர் தாங்குமா என்று எனக்கு எப்படித் தெரியும்? கோத்தகிரிக் குளிரில் நீ சொன்னால்தான் உண்டு.

இன்னொன்று. போன வாரம் தம்பி லியோனல் ஒரு பையோடு வந்தான். உள்ளே துணி லேபிள்கள். தங்க எழுத்தில் "மிரண்டா கைவண்ணம்" என்று போட்டிருக்கிறது. அவன் பெண்டாட்டி மிரண்டா கொடுத்தனுப்பினாளாம். "அக்கா, இத ஒவ்வொண்ணுலயும் தச்சுக் குடுத்துடு" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் காப்பி குடித்தான்.

மிரண்டாவுக்கு ஊசி பிடிக்கத் தெரியாது. ஒரு சங்கிலிப் பின்னல்கூடப் போட வராது. இத்தனை வருடம் நான் பின்னிக் கொடுத்தேன், அவள் தேக்காவில் ஒரு கடை மூலையில் வைத்து விற்றாள். பாதிப் பாதி, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் நான் பின்னியதில் அவள் பெயரை நானே உட்கார்ந்து தைக்கவேண்டுமாம். தைத்தேன். வயிறு எரிய எரியத் தைத்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், ஜெனிவீவ். அந்த லேபிளில் என் பெயர்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா பெட்டி


கோத்தகிரி
2 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

ஆண்டவருடைய சமாதானம் உங்களோடும் அத்தானோடும் இருப்பதாக. சளி குறைந்துவிட்டது. மதர் உங்களை விசாரித்தார். அவர் மங்களூர்க்காரர், தமிழ் பேசுவார், ஆனால் உங்கள் கையெழுத்து அவருக்குப் பிடிபடவில்லை. அதனால் உங்கள் கடிதத்தை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

பார்சல் வந்தது. சாம்பல் நிறக் குல்லா பெரிது. காலைச் செபத்தில் சரிந்து கண்ணை மறைத்துவிட்டது, ஒரு சங்கீதத்தில் இரண்டு வரிகளை விட்டுவிட்டேன். நெற்றிப் பட்டையை இன்னும் இறுக்கமாகப் பின்னுங்கள். சாக்ஸ் மிக நன்று. இங்கே மூத்த சிஸ்டர் ஒருவர் போட்டுப் பார்க்க வாங்கியவர், திருப்பித் தர மறுக்கிறார். கையுறையில் கட்டைவிரல் இடம் தாழ்ந்திருக்கிறது, வாளி தூக்கும்போது இழுக்கிறது. மஃப்ளர் இரண்டாவது நாளே கழுத்தில் குத்தியது.

லேபிள்களைக் கத்தரித்துவிட்டுத்தான் போட்டுக்கொண்டோம். செய்தவர் பெயர் உள்ள எதையும் இங்கே உடுத்துவதில்லை.

லியோனலுக்கும், உங்கள் எதிர்வீட்டு விசாலாட்சி அம்மாவுக்கும், அவருடைய பூனைக்கும் என் செபங்கள்.

கிறிஸ்துவில் உங்கள் தங்கை,
ஜெனிவீவ்


மார்சிலிங்
28 ஜூலை 2024

அன்புத் தங்கைக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். குல்லாவைத் திருத்திவிட்டேன், கையுறையையும் புதிதாகப் பின்னி இத்துடன் அனுப்புகிறேன்.

விசாலாட்சியின் பூனையை விசாரித்திருக்கிறாய். மிரண்டாவை விசாரிக்கவில்லை. மூன்று வருடமாக உன் கடிதங்களில் அவள் பெயரைத் தேடிப் பார்க்கிறேன், இல்லை. எனக்குத் தெரியும். அம்மா இறந்த அன்று, "மடத்துக்கு நான் ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன், நீங்க அடக்க வேலைய பாருங்க" என்று சொன்னவள் அவள். சொல்லவேயில்லை. கேட்டதற்கு "மறந்துட்டேன், மடத்துல இருக்கிறவங்களுக்கு இப்ப தெரிஞ்சா என்ன, அப்புறம் தெரிஞ்சா என்ன" என்றாள். என் கடிதம் உனக்குக் கிடைக்க ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் நீ அம்மா எழுந்து நடமாட வேண்டும் என்று செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாய். மண்ணுக்குள் இருந்தவளுக்காக. அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதியதில்லை, நானும் கிளறவில்லை. இன்று கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்.

கோபத்துக்குக் காரணம் நேற்று தேக்காவில் நடந்தது. பொருள் கொடுக்கப் போயிருந்தேன். ஒரு சீன அம்மாவும் அவள் மகளும் என் குல்லாவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகளுக்கு அது அவ்வளவு அழகாக இருந்தது. எத்தனை நேரம் ஆகும் என்று கேட்டாள். மிரண்டா கையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, "பாருங்க, விரலெல்லாம் காய்ச்சுப் போச்சு" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் விரலில் நகப்பூச்சு உலர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் என்னைக் காட்டி, இவர் யார் என்று கேட்டாள். "மை சிஸ்டர் இன் லா, பேக்கிங்குக்கு வருவாங்க" என்றாள்.

அவர்கள் போனதும் கேட்டேன், லேபிளில் என் பெயரையும் சேர்க்கலாமே என்று. சிங்கப்பூர் 'லா' போட்டுப் பதில் சொன்னாள்.

"அண்ணி, பிராண்டுல ரெண்டு பேரு இருந்தா கஸ்டமர் கன்ஃப்யூஸ் ஆகிடுவாங்க லா. அதுவும் பெட்டின்னா... கொஞ்சம் பழைய பேரு. நாம ஃபேமிலிதானே, யாரு பேரு இருந்தா என்ன?"

அவளை ஏதாவது செய்யவேண்டும் போல் இருக்கிறது. ஊர் பார்க்கச் செய்யவேண்டும்.

அக்கா


கோத்தகிரி
20 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

ஆண்டவர் உங்கள் உள்ளத்துக்கு அமைதி தருவாராக. நலமாக இருக்கிறேன்.

மன்னியுங்கள். மன்னிப்பது கடினம், ஆனாலும் மன்னியுங்கள். உங்கள் கடிதத்தை மதருக்கு வாசித்துக் காட்டியபோது சில இடங்களை விட்டுவிட்டு வாசித்தேன்.

புதிய கையுறை சரியாக இருக்கிறது. தோட்டத்தில் கேரட் பிடுங்கும்போது போட்டுப் பார்த்தேன்.

ஜெனிவீவ்


மார்சிலிங்
15 செப்டம்பர் 2024

தங்கைக்கு,

சுகம் விசாரிப்பெல்லாம் கடைசியில். முதலில் இதைக் கேள்.

ஆர்ச்சர்ட் ரோட்டில், டோபி காட் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பெரிய கடை. அங்கே மிரண்டாவின் சரக்கை எடுத்துக்கொள்கிறார்களாம். டிசம்பர் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. மேடை, மைக், கேமரா எல்லாம் உண்டு. கோயிலில் பாதிப் பேருக்கு அழைப்பு போய்விட்டது. அன்று அவள் போட்டுக்கொள்ள ஒரு வெள்ளைச் சால்வை வேண்டுமாம். "லைட்டுல மின்னணும் அண்ணி, பட்டு கலந்த நூல் எடுங்க." இத்தோடு விடவில்லை. மடத்துச் சிஸ்டர்கள் மலைக்குளிரில் போட்டுப் பார்த்தது என்று மேடையில் சொல்லப்போகிறாளாம். "ஜெனிவீவ் சிஸ்டர் போட்டுப் பாத்துட்டு நேரா என் அட்ரசுக்கு அனுப்பட்டும். அந்தப் பார்சலையே ஸ்டேஜ்ல காட்டலாம் லா." உன்னையும் விற்கிறாள், ஜெனிவீவ்.

நான் சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேள்.

சால்வையைக் கீழ் ஓரத்தில் தொடங்கி, கழுத்தில் முடிப்பேன். குரோஷா ஊசிப் பின்னலில் எத்தனை ஆயிரம் கண்ணி போட்டாலும் உயிர் கடைசிக் கண்ணியில்தானே? அதில் நூலை நுழைத்து இறுக்கினால் ஆயுசுக்கும் நிற்கும். இறுக்காமல் விட்டால் முனையைப் பிடித்து இழுத்தவுடன் வரிசை வரிசையாகக் கழன்று வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான். நான் இறுக்கமாட்டேன். அந்தக் கண்ணியை லேபிளில் மாட்டி, ஒரு இழைத் தையல் மட்டும் போட்டு வைப்பேன். மேடையில் லேபிளைத் தூக்கிக் காட்டாமல் இருப்பாளா? அவள் பெயர்தானே அவளுக்கு உயிர்.

இதை நினைத்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்குகிறது. உன் அத்தான் "என்னடி சிரிக்கிற?" என்று கேட்கிறார்.

உன் உடம்பு எப்படி?

பெட்டி


கோத்தகிரி
6 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

ஆண்டவர் உங்களைத் தீமையிலிருந்து காப்பாராக. உங்கள் கடிதம் எனக்கு மிகுந்த வேதனை தந்தது. இப்படிப்பட்ட எண்ணம் உங்களுக்கு வரலாமா? உங்களுக்காக ஒன்பது நாள் செபம் தொடங்கியிருக்கிறேன்.

நீங்கள் நினைப்பதுபோல் நடக்காது என்பதையும் சொல்லவேண்டும். உல்லன் என்றால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும், இழுத்தாலும் பாதியில் சிக்கி நிற்கும். பட்டு அதிகமாகக் கலந்த நூலாக இருந்தால் மட்டுமே தடையில்லாமல் வரும். ஊசியும் ஒரு அளவு பெரிதாக இருக்கவேண்டும். உங்களைத் தடுப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திருவருகைக்காலம் டிசம்பர் முதல் தேதி தொடங்குகிறது. அதிலிருந்து கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதம் எழுதவோ வாங்கவோ அனுமதி இல்லை, வருவதை மதர் எடுத்து வைத்திருப்பார். எனவே சால்வையை அனுப்புவதானால் அதற்கு முன்பே அனுப்புங்கள்.

கிறிஸ்துவில்,
ஜெனிவீவ்


மார்சிலிங்
3 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

நானும் அத்தானும் நலம். நேற்றுக் கல்லறைத் திருநாள். சுவா சூ காங்கில் அம்மா கல்லறைக்குப் போனோம். உன் பெயரைச் சொல்லியும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

லியோனல் தனியாக வந்திருந்தான். மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து போனது, இருவரும் கையை மறைப்பாக வைத்துக்கொண்டு நின்றோம். அப்போது சொன்னான்: "அக்கா, ஸ்டேஜ்ல நானும் அவ பக்கத்துல நிக்கணுமாம். புதுச் சட்டை வாங்கிக் குடுத்திருக்கா. எனக்கு இன்னும் ஸ்டேஜ்னாலே பயம். நீ முன்வரிசையில உக்காந்துக்கோ, உன்னப் பாத்துக்கிட்டே நின்னுடுவேன்."

சின்ன வயதில் பள்ளிக்கூட மேடையில் அவன் பயந்து மூத்திரம் போனது உனக்கு நினைவிருக்கும். நான்தான் மேடையேறி அவனைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்த மேடையில் மிரண்டா நாறினால் அவனும் சேர்ந்துதானே நாறுவான்? வீட்டுக்கு வந்ததும் சால்வையை எடுத்தேன். கடைசிக் கண்ணியில் நூலை நுழைத்து இறுக்கினேன். மீதி நூலைப் பின்னலுக்குள் முன்னும் பின்னுமாக ஓட்டி ஒளித்தேன். அதன் மேல் லேபிளை நாலு பக்கமும் தைத்தேன். யானை கட்டி இழுத்தாலும் பிரியாது.

தோற்றுவிட்டேன். ஆனால் இதைப்போல் ஒன்றை நான் இதுவரை பின்னியதில்லை, ஜெனிவீவ். நீ போட்டுப் பார். அவளுடைய தோளும் உன்னுடைய தோளும் ஒரே அகலம். பிறகு அவள் முகவரிக்கு அனுப்பிவிடு. முகவரியைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

அக்கா பெட்டி


கோத்தகிரி
18 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

ஆண்டவருக்கு நன்றி. நீங்கள் மனம் மாறியதை மதருக்கு ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினேன். அவர் மகிழ்ந்தார்.

சால்வை வந்தது. விதிப்படி லேபிளை எடுத்துவிட்டுத்தான் போட்டுக்கொண்டேன். மாலைச் செபம் முடியும்வரை தோளில் இருந்தது. இவ்வளவு மெல்லிய நூல் இப்படிச் சூடு தரும் என்று நான் நினைக்கவில்லை. கழுத்தில் குத்தவில்லை, தோளில் சரியவில்லை. மிக நல்ல வேலை.

லேபிளைத் திரும்பத் தைத்து இன்று அனுப்பிவிட்டேன்.

ஜெனிவீவ்


மார்சிலிங்
10 டிசம்பர் 2024

ஜெனிவீவ்,

இதை உனக்குக் கிறிஸ்துமஸுக்குத்தான் கொடுப்பார்கள் என்று தெரியும். அதுவரை மனதில் வைத்திருந்தால் எனக்கு வெடித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இடப்பக்கம் அத்தான், வலப்பக்கம் விசாலாட்சி. பின்னால் கோயில் ஜனம். மேடையில் பொய்ப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மிரண்டா அந்த வெள்ளைச் சால்வையில் வந்தாள். அழகாகத்தான் இருந்தாள், பொய் சொல்லக்கூடாது. லியோனல் பக்கத்தில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

உன் பார்சல் உறையைத் தூக்கிக் காட்டினாள். மலை, மடம், கன்னியர், குளிர் எல்லாம் சொன்னாள். ராத்திரி பகல் பார்க்காமல் தானே பின்னியதாகச் சொன்னாள். தொகுப்பாளர் பையன் ஒருவன், "லேபிள எல்லாரும் பாக்கட்டும்!" என்று அவள் பின்னால் போய்க் கழுத்தில் இருந்ததைப் பிடித்துத் தூக்கினான். அது கையோடு வந்துவிட்டது. அவன் தெரியாமல் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கேமரா பக்கம் நடந்தான். பின்னாலேயே நூல் போனது. அவன் நடக்க நடக்கச் சால்வை குறைந்தது. முதலில் கழுத்து, பிறகு தோள். ஜனங்கள் இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துக் கைதட்டினார்கள்! என்ன என்று பார்க்க மிரண்டா திரும்பினாள், திரும்பத் திரும்ப இன்னும் வேகமாகக் கழன்றது. கடைசியில் உள்ளே போட்டிருந்த கையில்லாத சட்டையோடு, காலைச் சுற்றி நூல் குவியலோடு நின்றாள்.

அப்போது கத்தினாள். கையில் மைக் இருந்ததை மறந்துவிட்டாள்.

"இத நான் பண்ணல! என் நாத்தனார் பெட்டி பண்ணது! எல்லாத்தையும் அவங்கதான் பின்னுறாங்க, எனக்குப் பின்னவே தெரியாது! அந்தா உக்காந்திருக்காங்க பாருங்க, அவங்கதான்!"

ஒலிபெருக்கியில் என் பெயர், ஜெனிவீவ். ஆர்ச்சர்ட் ரோட்டில். கேமரா என் பக்கம் திரும்பியது. வெட்கம்கெட்ட சந்தோஷம் ஒன்று எனக்குள் பொங்கியது. விசாலாட்சி என் தொடையைக் கிள்ளி, "உங்க பேர சொல்லிட்டா!" என்றாள்.

அந்தச் சந்தோஷம் எஸ்கலேட்டர் இறங்கும் வரைதான் இருந்தது. பின்னால் நின்ற யாரோ, "பாவம், நல்ல நூலு. முடிக்கத் தெரியாதவங்ககிட்ட குடுத்திருக்காங்க" என்றார்கள். இத்தனை வருடத்தில் என் பெயர் சொல்லி ஊருக்குக் காட்டியது ஒரே ஒரு பொருள். அதுவும் பிரிந்துபோன பொருள்.

கடை சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டது. லியோனல் என் ஃபோனை எடுப்பதில்லை. கோயிலில் நான் வேண்டுமென்றே செய்தேன் என்று பாதிப் பேர், எனக்கு வேலை தெரியாது என்று பாதிப் பேர்.

நான் போட்ட முடிச்சு எனக்குத் தெரியும். அது தானாகப் பிரியாது. நீ என்ன செய்தாய்?

பெட்டி


கோத்தகிரி
28 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

பிறந்திருக்கும் பாலன் உங்களை ஆசீர்வதிப்பாராக.

முடிச்சை அவிழ்த்தது நான்.

சால்வையைப் போட்டுக்கொண்டு செபத்தில் இருந்தேன். அவளுடைய தோளும் என்னுடைய தோளும் ஒரே அகலம் என்று நீங்கள் எழுதியது நினைவுக்கு வந்தது. அந்தத் தோளுக்காக நான் இதைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. பிறகு செபம் வரவில்லை. நீங்கள் ஒளித்து வைத்திருந்த நூல் முனையைத் தேடி எடுக்கவே ஒரு பகல் ஆயிற்று. அவ்வளவு நன்றாக முடித்திருந்தீர்கள். முடிச்சை ஊசியால் நெகிழ்த்தி, கண்ணியை உயிரோடு எடுத்து, நீங்கள் முதலில் எழுதியிருந்தபடியே லேபிளில் மாட்டினேன்.

உங்களுக்காகச் செய்யவில்லை. அம்மாவுக்காகச் செய்தேன். இறந்துபோனவள் பிழைக்கவேண்டும் என்று நான் முழங்காலில் நின்ற ஒவ்வொரு நாளுக்காகவும் செய்தேன். ஆன்மா இளைப்பாறச் சொல்லவேண்டிய செபத்தை ஒரு மாதம் அம்மாவுக்குக் கிடைக்காமல் செய்தவள் அவள்.

மதரிடம் சொல்லிவிட்டேன். இனி நான் ஊசியைத் தொடக்கூடாது. பாவசங்கீர்த்தனமும் செய்தேன். வருந்துகிறாயா என்று சாமியார் கேட்டார். பதில் சொல்ல அவகாசம் கேட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு உதவி, அக்கா. அவளிடம் போய்ச் சொல்லுங்கள். ஜெனிவீவ்தான் செய்தாள், அம்மாவுக்காகச் செய்தாள் என்று சொல்லுங்கள். உங்கள் மேல் உள்ள பழியும் தீரும். எதற்காக என்று தெரியாமல் அவள் பட்டது வீண்.

ஜெனிவீவ்


கோத்தகிரி
2 பிப்ரவரி 2025

அக்கா,

சுகமா? பதில் இல்லை. சொன்னாயா?

மார்ச் ஐந்தாம் தேதி சாம்பல் புதன். அன்று தொடங்கும் தவக்காலத்திலும் கடிதம் கிடையாது, ஈஸ்டர் அன்றுதான் கொடுப்பார்கள். சாம்பல் புதனுக்குள் எனக்குக் கிடைக்கும்படி ஒரு வரி எழுது. சொன்னேன் என்று எழுது போதும். எனக்குத் தூக்கம் இல்லை.

ஜெனிவீவ்


மார்சிலிங்
20 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை ஜெனிவீவுக்கு,

நான் சுகம். அத்தானும் சுகம். கோபத்தில் என்னை "நீ" என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் பிடித்திருந்தது.

மிரண்டா வந்தாள். சீனப் புத்தாண்டு விடுமுறையில், லியோனலைக் கூட்டிக்கொண்டு, ஆரஞ்சுப் பழத்தோடு. இளைத்துவிட்டாள். அத்தான் டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். லியோனல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, நேராவே கேக்குறேன். தூங்க முடியல லா. தெரியாம ஆனதா, வேணும்னே பண்ணுனதா? பண்ணுனது நீங்கதானா?"

உன் கடிதம் சமையலறை இழுப்பறையில் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். என் வேலை சுத்தம், முடிச்சு சுத்தம், பிரித்தவள் வேறொருத்தி என்று நிரூபித்திருக்கலாம். லியோனலும் என்னோடு பேசியிருப்பான்.

"ஆமா, நான்தான்" என்றேன். "கடைசிக் கண்ணிய நான்தான் உயிரோட விட்டேன். லேபிள்ல என் பேரு போட மாட்டேன்னியே, அதுக்கு."

அவள் அழுதாள். லியோனல் எழுந்து போய்விட்டான், அது வலித்தது, இன்னும் வலிக்கிறது. ஆனால் அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஜெனிவீவ்! பேக்கிங்குக்கு வருகிறவளைப் பார்க்கிற பார்வை இல்லை அது. ஊரெல்லாம் இப்போது அந்தச் சால்வையைப் பற்றித்தான் பேச்சு. எனக்கு வேலை தெரியாது என்று சொன்ன வாய்கள், பெட்டி எவ்வளவு கணக்காகச் செய்திருக்கிறாள் பார் என்று சொல்கின்றன.

அம்மா பெயரை நான் எடுக்கவில்லை. உன் பெயரையும் எடுக்கவில்லை. நீ அதைச் செய்தது அவளுக்கு என்றைக்கும் தெரியப்போவதில்லை.

நான் முடித்து அனுப்பிய ஒன்றை நீ பிரித்தாய். என் தம்பிக்காக மனதைக் கல்லாக்கிக்கொண்டு போட்ட முடிச்சு அது. ஒரு வார்த்தை கேட்காமல் என் வேலையில் கை வைத்தாய். மிரண்டாகூட என் பின்னலைப் பிரித்ததில்லை.

இதை எட்டு நாளைக்கு முன்பே எழுதி முடித்துவிட்டேன். நாள் பார்த்து, இன்றுதான் தபாலில் போடுகிறேன். உன் மடத்து வாசலுக்கு வரும்போது சாம்பல் புதன் தாண்டியிருக்கும். சொன்னேனா, சொல்லவில்லையா என்று தெரியாமலே நீ தவக்காலம் முழுக்க முழங்காலில் நின்று முடித்திருப்பாய்.

ஈஸ்டர் பெருவிழா வாழ்த்துகள்.

உன் அக்கா,
பெட்டி